சேஃப்டி வால்வுக்கு ஒரு தோல் குல்லாய்

கம்ப்ரஸர் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் எத்தனை சொட்டு எண்ணெய் விடவேண்டும், எந்த நட்டை எந்த ஸ்பானரால் திருக வேண்டும் என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் மிஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது, படம்கூடப் போட்டிருக்கிறான். புத்தகத்தில் போடாத ஒன்றைச் சொல்கிறேன். மிஷினுக்கு ஆபத்து வருவது சோம்பேறியாலும் குடிகாரனாலும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தோல் பதனிடும் எங்கள் டேனரியையே தூக்கிப் போட்டிருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தவன் சவரி. எங்கள் எல்லாரையும்விட நல்லவன் அவன்.

ஆம்பூர்ப் பக்கம் அந்த டேனரியில் நான் இன்ஜின் டிரைவர். வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளில் பாதி கடந்திருந்தது. எங்கள் குடும்பம் குடியாத்தத்தில் தறி நெய்கிற குடும்பம். எனக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்காரப் பிடிக்காமல் இன்ஜினுக்கு ஓடி வந்துவிட்டேன். ஆனால் காது மட்டும் நெசவுக்காரன் காதாகவே இருந்துவிட்டது. நாலு வீடு தள்ளி ஒரு தறியில் இழை அறுந்தால் எங்கள் அப்பாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு இன்ஜினில் அப்படி.

முதலில் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நீராவி என்றால் எல்லாரும் பயப்படுவார்கள். அது சுடும், புகையும், கிட்டப் போனால் வியர்க்கும். காற்றுக்கு எவனும் பயப்படுவதில்லை. "காத்துதானே" என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இந்த வயதிலும் கோபம் தலைக்கேறுகிறது. காற்றுக் குழாயைச் சட்டைக்குள் விட்டு வியர்வையை ஆற்றிக்கொண்டிருந்த ஒருவனின் கையில் அடித்தே நான் அதைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதே. அடைத்து வைத்த காற்று, கட்டிப்போட்ட காளை மாதிரி. அது சும்மா நிற்கிறது என்று நினைக்கிறவன் அதன் கழுத்துக் கயிற்றைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் டேனரியில் எல்லா மிஷின்களுக்கும் ஒரே எண்ணெய் இன்ஜின். அது சுழற்றும் நீளமான ஷாஃப்ட் ஒன்று கூரைக்குக் கீழே ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகும். தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேசிங் மிஷினுக்கும் அதிலிருந்துதான் பெல்ட், காற்று அடைக்கும் கம்ப்ரஸருக்கும் அதிலிருந்துதான் பெல்ட். கம்ப்ரஸர், மெட்ராஸில் யாரோ கழித்துப் போட்டதை முதலாளி வாங்கி வந்தது. அதை மட்டும் தனியாக நிறுத்த வழி கிடையாது. நிறுத்த வேண்டுமானால் இன்ஜினையே நிறுத்த வேண்டும். இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள், அதன் தலையை ஊதுவிளக்கால் காய்ச்சி, ஆளுக்கொரு பக்கம் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளி, பாதி உயிர் போய்விடும். அதனால் காலையில் கிளப்பினால் மாலையில்தான் நிறுத்துவோம்.

கம்ப்ரஸர் அடைக்கும் காற்று, ஆணி அறைந்து சேர்த்த ஓர் இரும்புத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து குழாய் வழியே முற்றத்தைத் தாண்டி சாயம் அடிக்கும் ஷெட்டுக்குப் போகும். அங்கே தோலின் மேல் சாயம் தெளிக்க இரண்டு துப்பாக்கிகள். கன் என்போம். தொட்டியின் தலையில் சேஃப்டி வால்வு. காற்று அளவுக்கு மேல் ஏறினால் அது தானே திறந்து மிச்சத்தை வெளியே விட்டுவிடும். கம்ப்ரஸரையும் தொட்டியையும் பார்த்துக்கொள்வது சவரியின் வேலை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவான். யாராவது தும்மினால்கூட அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவருவான். அப்படி ஒரு மனசு.

அங்கே ஒரு சங்கடம் இருந்தது. மதியம் பாங்கு சொன்னதும், சாயம் அடிக்கிற பாய்மார்கள் கன்னை மாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவார்கள். கிளேசிங் ஆட்கள் முறை வைத்துச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்காக இன்ஜின் ஓடும். இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். செலவழிக்க ஆளில்லாத காற்று தொட்டியில் ஏறிக்கொண்டே போகும். தொட்டியிலிருக்கும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வால்வு புஸ்ஸென்று வாயைத் திறக்கும். தினமும் இது சரியாகத் தொழுகையின் நடுவில் நடக்கும்.

தொழுகை எங்கே என்கிறீர்களா? தொட்டிக்குப் பின்னால் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரித்த சின்ன மேடை. அதற்கு வரவும் போகவும் ஒரே வழி, அதுவும் தொட்டியை உரசிக்கொண்டு வரும் வழி. மற்ற மூன்று பக்கமும் உயரமான மதில். யார் இப்படி வைத்தது என்று கேட்காதீர்கள். மேடை முன்னாலேயே இருந்தது. தொட்டி வந்தபோது நிழல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள்.

தொழுகை நடத்தி வைப்பவர் கரீம் பாய். தோலைத் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் எந்தத் தோல் எந்த மூட்டைக்கு என்று சொல்லிவிடுவார். சவரியின் முதல் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டபோது, ஜட்கா பிடித்துக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேலூர் டாக்டரிடம் கொண்டுபோனவர் அவர்தான். குழந்தை பிழைத்தது. அதிலிருந்து சவரிக்குக் கரீம் பாய் என்றால் அப்பன் ஸ்தானம்.

ஒரு நாள் மதியம் வால்வு திறந்த அதே நேரத்தில், மண்டியிட்டிருந்த கரீம் பாய் எழ முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சவரி அதைப் பார்த்துவிட்டான். தன் மிஷின் போட்ட சத்தத்தில்தான் மனுஷர் அதிர்ந்து விழுந்தார் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

நான் அப்போது தங்கை கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்தேன். அந்த வியாழக்கிழமை மாலை சவரி சுண்ணாம்புக் குழிப் பக்கம் போய், மயிர் கழித்த பச்சை ஆட்டுத்தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கியிருக்கிறான். ஈரத்துணி போல வழவழவென்று இருக்குமே, அது. அதை இரண்டு மூன்று மடிப்பாக வால்வின் தலையில் போர்த்தி, அதே தோலில் அறுத்த வாரினால் கழுத்தோடு கட்டிவிட்டான். காற்று மடிப்புகளுக்கு இடையில் மெதுவாகக் கசிந்து போகும், சத்தம் மட்டும் வராது என்பது அவன் கணக்கு. கட்டி முடித்ததும், வால்வைக் கையால் திறக்கும் நெம்புகோலைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். உஸ் என்று ஒரு பெருமூச்சுதான் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் டேனரிகளுக்கு அன்றுதான் விடுமுறை. நாள் முழுக்க நல்ல வெயில், வறண்ட காற்று. மேற்கே சாய்ந்த வெயில் மட்டும் தொட்டியின் தலையில் விழும்.

சனிக்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். மதியம் வழக்கம்போல சவரி என் இன்ஜின் ரூமில் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் களியைப் பிரித்தோம். கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு ஜாஸ்தி ஆனதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது இன்ஜினின் மூச்சு மாறியது. இழுக்க முடியாத வண்டியை இழுக்கிற மாதிரி முக்கியது. கூடவே கம்ப்ரஸர் பெல்ட் கீச்சென்று வழுக்க ஆரம்பித்தது.

பெல்ட் வழுக்கினால் என்ன செய்வோம்? குங்கிலியப் பொடியை எடுத்து இரண்டு சிட்டிகை தூவுவோம், பெல்ட் பிடித்துக்கொள்ளும். கை தானாகவே பொடி டப்பாவுக்குப் போயிற்று.

"ஆமாண்ணா, போடுங்க பொடிய. ரொம்ப வழுக்குது" என்றான் சவரி.

டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டேன். தூவியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆளிருக்காது. ஏன் தூவவில்லை என்றால், ஒரு கேள்வி வந்து தடுத்தது. சாயம் அடிக்கிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கம்ப்ரஸருக்கு இப்போது வேலையே இல்லை. வேலையில்லாத நேரத்தில் பெல்ட் ஏன் வழுக்குகிறது? அப்போதுதான் அந்த நேரத்தில் தினமும் வரும் சத்தம் இன்னும் வரவில்லை என்பது உறைத்தது.

தம்பிகளே, பழக்கப்பட்ட கோளாறுக்குப் பழக்கப்பட்ட மருந்தைப் போடும்போதுதான் நாம் அதிகம் தப்பு செய்கிறோம். கை முந்திக்கொள்ளும். கை முந்தும்போது ஒரு மூச்சு நிறுத்தி, இது ஏன் இப்போது என்று கேளுங்கள். அந்த ஒரு மூச்சுக்கு நேரம் இல்லாத அவசரம் எதையும் நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை.

"சவரி, தொழுவ ஆரம்பிச்சிட்டாங்களா?"

"ஆரம்பிச்சாச்சுண்ணா."

"அப்ப இன்னும் ஏன் வால்வு ஊதல?"

அவன் சிரித்தான். பெருமையான சிரிப்பு. "ஊதும்ண்ணா. சத்தம்தான் வராது. நான் அதுக்கு ஒரு குல்லா போட்டிருக்கேன்."

"இன்னா குல்லா?"

"ஆட்டுத்தோலுண்ணா. நல்லா ஈரமா, வியாழக்கெழம சாயங்காலம் கட்..."

சொல்லி முடிக்கவில்லை. அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. தோல் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஈரத்தில் கட்டிய பச்சைத்தோல் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் இரும்பு மாதிரி இறுகும். சுத்தியலின் தலை கழன்றால் நாங்கள் அதைக் கட்டுவதே பச்சைத்தோல் வாரால்தான். அவன் தினமும் புழங்குகிற சங்கதி அது. பாசம் கண்ணை மறைத்திருந்தது.

வாசலுக்கு ஓடி மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேல் போக முடியாமல் கடைசி ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இனி மீட்டருக்கே தெரியாது. ஓடி வந்து இன்ஜினுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தினேன். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஷெட் முழுக்க அமைதியானதும் இன்னொரு சத்தம் கேட்டது. கொசு ரீங்காரம் மாதிரி மெலிதாக, தொட்டியின் பக்கமிருந்து. தகடுகளைச் சேர்த்து ஆணி அறைந்த மூட்டில் எங்கோ காற்று கசிகிறது.

திரும்பிப் பார்த்தால் சவரி கையில் தோல் அறுக்கும் கத்தியோடு வாசலில் இறங்கிவிட்டான்.

"எங்கடா போற?"

"நான் கட்டினதுண்ணா. நானே போய் அறுத்துட்டு வர்றேன்."

ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். கிழிந்தது. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னைவிட பலசாலி, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். காதில் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"நீ அறுத்தா வால்வு ஒரேயடியா தொறக்கும், தொட்டி குலுங்கும். மூட்டுல ஏற்கெனவே காத்து வருது. பிச்சுக்கிச்சுன்னா நீ மட்டும் போவ மாட்ட. சுவரு அந்தப் பக்கம் கரீம் பாய் மேலதான் விழும்."

பாய் என்றதும் நின்றான்.

"அப்ப அவங்கள எழுப்பி ஓடச் சொல்லலாம்ண்ணா."

இதைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது ஏன் குரல் கொடுக்கவில்லை என்று. குரல் கொடுத்தால் ஓடுவார்கள். எங்கே ஓடுவார்கள்? ஒரே வழி தொட்டியை உரசிக்கொண்டு. வயசானவர்கள் மதில் ஏறிக் குதிக்கப் போவதில்லை. தொழுகை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. குனிந்தும் உட்கார்ந்தும் இருக்கிறவர்களுக்கு இடுப்பளவு சுவராவது மறைப்பு. அந்த நேரத்துக்குள் தொட்டியின் வயிற்றை இறக்கிவிடலாம் என்று நான் நம்பினேன். சரியா தப்பா என்று நீங்கள் விவாதம் செய்யலாம். எனக்கு அன்று விவாதிக்க ஆளில்லை.

தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் குழாய் இருக்கிறது. அதைத் திறந்தாலும் காற்று இறங்கும். ஆனால் அதற்குத் தொட்டியின் கீழே போய்க் குந்த வேண்டும். தொட்டிக்குத் தூரமாக இருந்து காற்றை விட ஒரே இடம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு கன்கள். காற்று தினமும் போய்ப் பழகிய வழியிலேயே போகட்டும் என்று முடிவு செய்தேன்.

இதற்குள் இன்ஜின் நின்றுவிட்டதே என்று கிளேசிங் ஷெட்டில் பேச்சுக் குரல் எழுந்தது. வெளியே வந்தால் எல்லாரும் தொட்டிக்கு நேரேதான் வந்து நிற்பார்கள். ஜன்னலில் தலையை விட்டு, "பெல்ட்டு தைக்கணும்பா, லேட்டாவும். எல்லாரும் உள்ளயே உக்காந்து சாப்ட்டுடுங்க" என்றேன். பொய்தான். அவர்களும் சந்தோஷமாகத் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள்.

இன்ஜின் ரூமின் பின்பக்கமாகச் சுற்றி சாயம் அடிக்கும் ஷெட்டுக்குப் போனோம். சவரி குழாயின் கழுத்தில் கை வைத்தான். "குழாயயே கழட்டிடலாம்ண்ணா, சீக்கிரம் போவும்." அவன் கையைத் தட்டிவிட்டேன். அந்த அழுத்தத்தில் கழற்றிய ரப்பர் குழாய் சும்மா கிடக்காது, சுழன்று சுழன்று ஆளை அடிக்கும். "ஆளுக்கு ஒரு கன்னு. விசைய அழுத்திப் புடி. அவ்ளோதான் வேலை" என்றேன்.

அழுத்தினோம். சீறிக்கொண்டு வந்தது. கன்னில் இருந்த பழுப்புச் சாயத்தைக் கொட்டிவிட்டு வர யாருக்குத் தோன்றும்? எதிரே வெள்ளையடித்த சுவரில் பழுப்பு வட்டம் இரண்டு விழுந்து, அது வழிந்து, மீதியெல்லாம் திரும்பி எங்கள் மேலேயே படிந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டே நின்றோம்.

அந்த நிற்பைத்தான் நான் இன்றும் மறக்கவில்லை. ஓடுவதோ உடைப்பதோ சுலபம் தம்பிகளே. விசையை அழுத்திக்கொண்டு நிற்பது கஷ்டம். காற்று அதன் வேகத்தில்தான் போகும், நீங்கள் அவசரப்பட்டு ஒன்றும் நடக்காது. முற்றத்துக்கு அப்பாலிருந்து கரீம் பாயின் குரல், குனியும்போது ஒரு தரம், எழும்போது ஒரு தரம் கேட்டது. ஒவ்வொரு தரம் கேட்கும்போதும், இன்னும் இருக்கிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சவரி அழுதுகொண்டிருந்தான். சாயம் வழிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டது. "பாய் விழுந்தாருண்ணா. என் கண்ணால பாத்தேன். என் கொழந்தைய மடியில போட்டுக்கினு வந்த மனுசன். அவரு பயந்து விழக்கூடாதுன்னுதான் கட்டினேன். இப்ப நானே அவர..."

"அழுதுக்கோ. கை மட்டும் தளரக்கூடாது."

"வேலை போய்டும்ல?"

"மொதல்ல காத்து போவட்டும்."

சீறல் விசிலாக இறங்கியது. விசில் மூச்சாக இறங்கியது. கடைசியில் கன்னின் வாயில் புறங்கையை வைத்தால் ஒரு பூ ஊதுகிற அளவுக்குத்தான் வந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. முற்றத்தின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். முள் கீழே வந்து படுத்திருந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் தொழுகை முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டியை ஒட்டி நடந்து வெளியே வந்தார்கள், ஒன்றும் தெரியாமல், குல்லாயைச் சரிசெய்துகொண்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு. அதைப் பார்த்த பிறகுதான் கன்னை மாட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தோம்.

கரீம் பாய் எங்களைப் பார்த்து நின்றார். தலையிலிருந்து கால்வரை பழுப்பு.

"இன்னா டிரைவரே, தோலுக்கு அடிக்கிற சாயத்த ஆளுக்கு அடிச்சுக்கினு நிக்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சவரி சிரிக்கவில்லை. அவரைக் கையைப் பிடித்துத் தொட்டியடிக்கு அழைத்துப் போய் வால்வைக் காட்டினான். நானும் பின்னாலேயே போனேன். கரீம் பாய் அந்தத் தோலை விரலால் ஒரு தடவு தடவினார். மீட்டரைப் பார்த்தார், நின்றுபோன பெல்ட்டைப் பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன்டா கட்டின?"

"போன வாரம் சத்தத்துல நீங்க விழுந்தீங்களே பாய்."

"எப்ப?" யோசித்தார். "அரே சவரி! அது முட்டி வலிடா. பனி ஆரம்பிச்சதுலேர்ந்து பேஜார் பண்ணுது. சத்தத்துல யாருடா விழுந்தா?"

"அப்ப உங்களுக்கு அந்தச் சத்தத்துல பயமே இல்லியா?"

"பயம் இல்லன்னு யாரு சொன்னா? தெனம் தூக்கிவாரிப் போடும். ஆனா சத்தம் வந்ததும் மனசுல ஒண்ணு சொல்லிப்பேன். ஆச்சு, இன்னிக்கும் அது வாயத் தொறந்துடுச்சு, நாம வீட்டுக்குப் போவலாம்னு. அந்த நிம்மதியத்தான் நீ கட்டிப் போட்டுட்ட." அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாடா?"

ஒரு வார்த்தை கேட்காமல் செய்த அன்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை.

குல்லாயைக் கத்தியால் அறுக்க முடியவில்லை, கத்திதான் மழுங்கியது. கடைசியில் ஈரச் சாக்கைச் சுற்றி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஊறவைத்துத்தான் கழற்றினோம். சவரி ஊற்ற, கரீம் பாய் விரலால் தொட்டுத் தொட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விஷயம் முதலாளிக்குப் போயிற்று. வந்தார், கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்? மதியம் அவரும் அந்த மேடையில்தான் தொழுதுகொண்டிருந்தார். "இவன் இனிமே இந்த கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது" என்றார். சவரி தலை குனிந்து நின்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கரீம் பாய் பேசினார். கெஞ்சவில்லை, சந்தையில் தோலுக்கு விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"முதலாளி, இவன அனுப்பிட்டு புதுசா ஒருத்தன வெப்பீங்க. அவன் நாளைக்கு வேற எதையாவது கட்டுவான். இவன் செத்தாலும் இனிமே கட்டமாட்டான். எவன வெச்சுக்கிறது லாபம்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கம்ப்ரஸர மட்டும் தனியா நிறுத்த இன்னா செய்யணுமோ செய்" என்றார். சும்மா சுற்றும் சக்கரம் ஒன்று மெட்ராஸிலிருந்து வந்தது. பெல்ட்டை அதன் மேல் தள்ளிவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும், இன்ஜின் ஓடும். மூட்டுக் கசிந்த தொட்டியை மாற்றும்வரை சாயம் அடிக்கும் வேலையையே நிறுத்தி வைத்தார். அந்த மட்டில் நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு தொழுகை நடுவில் வால்வு ஊத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கரீம் பாய் விடவில்லை. தினமும் பாங்கு சொல்லி முடிந்ததும் மேடையிலிருந்து குரல் கொடுப்பார்: "சவரி, அது வாயத் தொறக்குதான்னு பாரு!" சவரி நெம்புகோலைத் தூக்குவான். புஸ்ஸென்று சத்தம் வரும். பிறகு பெல்ட்டைத் தள்ளிக் கம்ப்ரஸரை நிறுத்துவான். அப்புறம்தான் அவர் தொழுகைக்கு நிற்பார். வால்வு நன்றாக இருக்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறானே, நாங்கள் அதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

சில வருஷங்கள் கழித்து ஒரு மழைக்காலத்தில் கரீம் பாய் காலமானார். டேனரியை மூடினார்கள். எல்லாரும் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் பார்த்துவிட்டுத் திரும்பி, கேட்டைப் பூட்டலாம் என்று வந்தபோது சவரி உள்ளே தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தான்.

"ண்ணா, இன்ஜின கொஞ்ச நேரம் ஓட்டிக் குடுங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊதுவிளக்கை ஏற்றி இன்ஜினின் தலையைக் காய்ச்சினேன். இரண்டு பேரும் சக்கரத்தைத் தள்ளினோம். முள் மெதுவாக ஏறியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே சவரி பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினான். நானும் இன்ஜினை நிறுத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மதிலுக்கு வெளியே தெருவில் கரீம் பாயைச் சுமந்துகொண்டு ஜனாஸா ஊர்வலம் வரும் அரவம் கேட்டது.

அது எங்கள் மதிலுக்கு நேரே வந்ததும் சவரி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெம்புகோலைத் தூக்கினான். தினமும் ஒரு நொடிதான் தூக்குவான். அன்று வைத்துக்கொண்டே நின்றான். வெளியே காலடிச் சத்தம் ஒரு கணம் நின்றது. தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் எங்கள் சாயம் அடிக்கிறவர்கள், அவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். பிறகு காலடிகள் நகர்ந்தன.

நான் வாசலைப் பார்த்து நடந்தேன். சவரி வரவில்லை. குனிந்து, தொட்டிக்கு அடியில் குழாயைத் திறந்து, மிச்சக் காற்றையும் தண்ணீரையும் கடைசிச் சொட்டுவரை வடித்தான். முள் அடியில் வந்து நிற்பதைப் பார்த்தான். அதன் பிறகுதான் இருவரும் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.